பதினாறரைக் கிலோ

கொச்சி
9.2.2025

அன்புள்ள மதினிக்கு,

இல்லை, படகில் நான் இல்லை. கரையில்தான் நின்றிருந்தேன். எனக்கு ஒரு கீறலும் கிடையாது. அண்ணனிடம் முதலில் இதைச் சொல்லிவிட்டு மீதியைப் படியுங்கள்.

போனில் மூன்று முறை கேட்டீர்கள். மூன்று முறையும் 'பிறகு சொல்கிறேன்' என்றேன். காரணம் உங்களுக்குத் தெரியும். நம் பயறு மண்டியில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான். உங்கள் வாட்ஸ்அப் மண்டிக் கம்ப்யூட்டரில் திறந்தே கிடக்கும். பயறு விலைக்கு நடுவில் என் செய்தியையும் கணக்கெழுதும் முத்துராஜா படித்துவிட்டு, 'பாப்பா சாப்பிட்டுச்சாம்' என்று எல்லாருக்கும் அறிவிப்பார். கடிதத்தை மட்டும் யாரும் பிரிப்பதில்லை. அதனால் கடிதம்.

வெள்ளிக்கிழமை காலை, காயலில் சோதனை ஓட்டம். எங்கள் பட்டறையில் ஒவ்வொரு படகும் ஒரே ஒருவருக்காகக் கட்டுவது. அவர் கேட்கும் வேகம், அவர் சொல்லும் ஆட்களின் எண்ணிக்கை. அதற்கேற்ப உடல், எஞ்சின், ப்ரொப்பெல்லர். இது இரட்டை உடல் படகு. நடுவில் சுரங்கம் போல ஓர் இடைவெளி. வேகம் கூடும்போது அதில் காற்று புகுந்து படகைத் தூக்கும். கொஞ்சம் தூக்கினால் நல்லது.

மணிக்கு நூற்றுப் பத்து கிலோமீட்டர் வரை சரியாகப் போனது. பிறகு முன்முனை இரண்டு முறை தலையசைத்தது. மூன்றாம் முறை மேலே போன முனை இறங்கவில்லை. எழுந்து நின்றது, மதினி. தண்ணீர் மேல் ஒரு கதவு மாதிரி. பிறகு பின்பக்கமாக விழுந்தது.

ஓட்டியவர் சுரேஷ்கண்ணன் அண்ணன். கம்பத்துக்காரர், எனக்கு இந்த வேலையைப் பற்றி முதலில் சொன்னவர். தோள் எலும்பும் இரண்டு விலா எலும்புகளும் முறிந்திருக்கின்றன. நினைவோடு இருக்கிறார். இரண்டு வாரத்தில் ஊருக்கு அனுப்புவார்களாம்.

எல்லாரும் ப்ரொப்பெல்லர் தப்பு என்கிறார்கள். அதைத் தேர்ந்தெடுத்தவர் எங்கள் பட்டறைப் பொறியாளர் திலீபன் சார்.

நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

மகிமா


தேனி
17.2.2025

அன்பு மகிமாவுக்கு மதினி ராஜமணி எழுதுவது. கர்த்தர் கிருபையில நானும் உங்க அண்ணனும் பாப்பா சுபாஸ்ரீயும் சுகம். நேத்து ஆராதனையில உன் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணச் சொன்னேன். படகுன்னு சொன்னதும் பாஸ்டர் இயேசு புயலை அதட்டின வசனத்தை எடுத்துக்கிட்டாக. அங்கன புயலே அடிக்கலையே ஐயான்னு வாய் வரைக்கும் வந்துச்சு.

உன் கடிதத்துல முதல் பத்தியை மட்டும் உங்க அண்ணனுக்கு வாசிச்சுக் காட்டினேன்.

"படகுல இல்லையாம்."

"பெறகு எங்கன இருந்தாளாம்?"

"கரையில."

"கரையில நிக்கிறதுக்கு எதுக்குக் கொச்சி? முல்லையாத்துக்குக் கரை இல்லையா?"

சொல்லிட்டு விருட்டுன்னு எந்திரிச்சுப் போயிட்டாக. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா, நீ போன வருஷம் அனுப்பின படகுப் படத்தைப் போன்ல பெருசாக்கிப் பாத்துக்கிட்டு இருக்காக. நான் பாக்காத மாதிரி வந்துட்டேன்.

எனக்கு ஒண்ணு விளங்கல. விசிறி சுத்துறது படகு முன்னால போகத்தான? அது எப்படிப் படகையே கவுக்கும்? திருப்பி எழுது. புரியற மாதிரி எழுது. நான் பி.காம்.

உடம்பைப் பாத்துக்க. தலைக்குக் குளிச்சா நல்லாத் துவட்டு. அந்த ஊர்த் தண்ணி உனக்கு ஆகாது.

உன் மதினி


கொச்சி
23.2.2025

அன்புள்ள மதினிக்கு,

நலம். இடுப்பு வலியைப் பற்றிக் கேட்டிருந்தேன், பதில் இல்லை. ஆகவே குறையவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

விசிறி கவிழ்க்காது. தூக்கும்.

மரத்தில் திருகாணி இறங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று உள்ளே போகும். ப்ரொப்பெல்லரும் அப்படித்தான். ஒரு சுற்றுக்கு இத்தனை அங்குலம் முன்னேறும் என்று அதன் மேலேயே பொறித்திருக்கும். அதற்குப் பெயர் பிட்ச். ஆனால் தண்ணீர் மரம் இல்லை. வழுக்கும். இருபத்தாறு என்று பொறித்தது இருபத்து மூன்றரைதான் போகும். மீதி எங்கே போகிறது என்று சேர்ந்த புதிதில் திலீபன் சாரிடம் கேட்டேன். அவர் தூத்துக்குடிக்காரர். 'தண்ணிக்கும் ஒரு பங்கு குடுக்கணும்லா' என்றார்.

பிட்ச் மட்டும் போதாது. மூன்று இலையா, நான்கு இலையா. இலைகள் பின்பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கின்றன. சாய்வு கூடினால் படகின் முனை தூக்கும். தண்ணீரைக் குறைவாகத் தொடும், வேகமாக ஓடும். நான்கு இலை என்றால் பின்பக்கத்தைத் தாங்கிப் பிடிக்கும். முனை அடங்கும், வேகமும் அடங்கும். எதை எடுப்பது என்பது படகில் பாரம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பின்பாரப் படகுக்கு முனை தூக்கும் ப்ரொப்பெல்லரைப் போட்டால் எழுந்து நின்றுவிடும்.

ஆகவே முதலில் எடை. அதுதான் என் வேலை.

வெற்றுப் படகை நான்கு மூலையிலும் எடைக்கருவி வைத்து நிறுத்தோம். உரிமையாளர் பின் இருக்கையில் இரண்டு பேரும், நிறைந்த பெட்ரோல் டாங்கும் வேண்டும் என்று கேட்டிருந்தார். சோதனை ஓட்டத்தில் ஆட்களை ஏற்ற மாட்டோம், டாங்கையும் நிரப்ப மாட்டோம். பதிலுக்கு மணல் மூட்டைகள். இருபது கிலோ மூட்டை பதினொன்று. பின்னால் வைத்துக் கட்டினோம். எல்லாம் சேர்ந்து எடையின் மையம் எங்கே விழுகிறது என்று கணக்கிட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். ஆபத்தான எல்லைக்கு இன்னும் இரண்டு சென்டிமீட்டர் இடம் இருந்தது. அந்தத் தாளைப் பார்த்துத்தான் திலீபன் சார் மூன்று இலை, இருபத்தாறு பிட்ச், சாய்வு கூடியதை எடுத்தார்.

விசாரணையில் என் தாளை நடுவில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். 'எடை சரி. அப்படியென்றால் ப்ரொப்பெல்லர்தான்' என்றார் மேலாளர்.

பெருமையாக இருந்தது. இருந்திருக்கக் கூடாது. இருந்தது.

அண்ணனுக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு.

மகிமா


தேனி
3.3.2025

அன்பு மகிமாவுக்கு,

எல்லாரும் சுகம். இடுப்பு இருக்கிற இடத்துலதான் இருக்கு, வலியும் அப்படித்தான். விடு.

சனிக்கிழமை கம்பம் போய் சுரேஷ்கண்ணனைப் பாத்துட்டு வந்தேன். ஆஸ்பத்திரியில இருந்து வந்து நாலு நாள் ஆச்சாம். கட்டில்ல சாஞ்சு டி.வி. பாத்துக்கிட்டு இருந்தாப்ல. அவுக அம்மா சந்தனம்மாக்காவை உனக்குத் தெரியுமே, வாய் சும்மா இருக்காது. நான் செருப்பைக் கழட்டுறதுக்குள்ள ஆரம்பிச்சிட்டாக.

"ஏத்தா ராஜமணி, நீயே சொல்லு. தண்ணியில விழுந்தவனுக்கு எலும்பு முறியுமா? தண்ணி மெத்துன்னுதான இருக்கும்?"

"நூத்திப்பத்துல விழுந்தா தண்ணியும் தார் ரோடும் ஒண்ணுதாம்மா."

"அதுக்கு ரோட்டுலயே ஓட்டியிருக்கலாம்லடா. கவர்மெண்டு பஸ் டிரைவர் வேலையாவது கெடச்சிருக்கும்."

சிரிச்சா விலா வலிக்குதுன்னு சுரேஷ் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டாப்ல. அவுக அடுப்படிக்குப் போனதும் குரலைத் தணிச்சுச் சொன்னாப்ல. "அக்கா, திலீபன் சாரைக் குத்தம் சொல்றாகளாம். அவுக மேல ஒண்ணும் இல்ல. ஓட்டுறப்ப கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான் இருக்கும். எஞ்சினைச் சாய்ச்சு முனையைத் தூக்குறது. படகு தலையசைச்சப்பவே விட்டிருக்கணும். ரெண்டு செகண்டு கூட அமுக்கிட்டேன் போல. என் கைதான்."

சொல்லிட்டு அந்தக் கையையே பாத்துக்கிட்டு இருந்தாப்ல. மத்தபடி நல்லா இருக்காப்ல. சந்தனம்மாக்கா காப்பியை ஆத்தி, டம்ளரை வாய்கிட்டப் பிடிச்சுக் குடிக்கக் கொடுத்தாக. ராச் சோறும் நல்லாச் சாப்பிடுறாப்லயாம்.

உன் கடிதத்தை ரெண்டு தடவை வாசிச்சேன். விசிறி பாதி புரிஞ்சுச்சு. மூட்டை முழுசாப் புரிஞ்சுச்சு. பதினோரு மூட்டையையும் நீயேதான் நிறுத்தியா? பாத்துடி, லீவுக்கு லீவு நம்ம தராசுல என்கூட நின்ன கை. மண்டிக்காரி புத்தியில சாக்குக்கு ஒன்றரைக் கிலோ கழிச்சு எழுதியிருக்கப்போற! மொச்சை கொண்டுவந்த சுருளியாண்டி அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன். 'பயறுக்குத்தான் சாக்குக் கழிவு பிடிப்பீக. மணலையுமா விட மாட்டீக'ன்னு ஒரே சிரிப்பு.

உடனே பதில் போடு. ஈஸ்டருக்கு வருவியா?

உன் மதினி


தேனி
24.3.2025

அன்பு மகிமாவுக்கு,

இங்க எல்லாரும் சுகம். மூணு வாரமாச்சு, உன்கிட்ட இருந்து கடிதம் இல்ல. போன்ல 'நல்லா இருக்கேன் மதினி, வேலை' அப்படின்னு மட்டும் சொல்லுற. பின்னால யாராவது நிக்கிறாகளோன்னு நானும் ஒண்ணும் கேக்கல.

கடிதம் வழியில தொலைஞ்சிருக்கும். அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்.

சுபாஸ்ரீக்குப் பிளஸ் டூ பரீட்சை நாளையோட முடியுது. அத்தை படிச்ச காலேஜ்லயே படிக்கணும்கிறா. உங்க அண்ணன் சரின்னு சொல்லல. முடியாதுன்னும் சொல்லல.

ரெண்டு வரியாவது போடு.

உன் மதினி


கொச்சி
2.4.2025

அன்புள்ள மதினிக்கு,

நலம். கடிதம் தொலையவில்லை. நான் எழுதவில்லை.

இங்கே மாலையில் மழை தொடங்கிவிட்டது. விடுதியில் மீன் குழம்பு வாரத்தில் ஐந்து நாள். ஆறாம் நாள் அதே குழம்பு, மீன் இருக்காது. பட்டறையில் புதிய படகுக்கு அச்சு போடுகிறார்கள். என்னை எடை பார்க்கச் சொன்னார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

சுபாஸ்ரீ நன்றாக எழுதியிருப்பாள்.

சுரேஷ் அண்ணன் வலது கையால் டம்ளரைப் பிடிக்கிறாரா?

ஈஸ்டருக்கு வர இயலாது.

மகிமா


தேனி
9.4.2025

மகிமா,

எல்லாரும் சுகம்னு எழுதித்தான் ஆரம்பிக்கணும். எழுதிட்டேன்.

சுரேஷ் கை கொஞ்சம் கொஞ்சமாச் சரியாகும். டாக்டர் சொல்லியிருக்காக. நீ அதையே நினைச்சுக்கிட்டு இருக்க வேணாம்.

நான் கேட்டதுக்கெல்லாம் ஒண்ணு ரெண்டு வார்த்தையாவது எழுதியிருக்க. ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் எழுதல. அது மூட்டையைப் பத்தி நான் கேலிக்குக் கேட்டது. கேலிக்கு நீ பதில் கேலி பேசாம இருக்க மாட்ட. உன்னை எனக்குப் பத்தொன்பது வருஷமாத் தெரியும்.

அடுப்படியில நின்னுக்கிட்டு எழுதுறேன்.

அப்படி ஏதாவது இருந்தா எனக்கு எழுதாத. எழுதினா நானும் தெரிஞ்சவளாயிருவேன். அங்கனயும் யாருகிட்டயும் சொல்லாத. யாரும் கேக்கலைல? கேக்காததுக்கு நீயாப் போயி ஏன் பதில் சொல்லணும்? உன்னை அங்கன அனுப்புறதுக்கு உங்க அண்ணன்கிட்ட ஒரு மாசம் மல்லுக்கு நின்னேன். பேசாம இருந்தேன், சோறு வைக்காம இருந்தேன். நீ பெட்டியோட திரும்பி வந்து நின்னா, 'அன்னைக்கே சொன்னேன்ல'ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லுவாக. அதை நீயும் நானும் ஆயுசுக்கும் கேக்கணும். அதுக்குப் பெறகு சுபாஸ்ரீயை இந்த ஊர் எல்லையத் தாண்ட விடுவாகளா?

இந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுரு. சாப்பிடு. தூங்கு.

மதினி


கொச்சி
18.4.2025, பெரிய வெள்ளி

அன்புள்ள மதினிக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதைப் பிரிக்காமல் வைத்துவிடலாம். அதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு.

உடல் நலமாக இருக்கிறது.

படித்துறைக் கொட்டகையில் ஒரு மேடைத் தராசு இருக்கிறது. நம்முடையதைப் போன்றதே. அதே தகரத் தட்டு, அதே சிவப்பு எண்கள். காலை ஆறரை மணி. ஆட்கள் சாக்கில் மணல் கொட்டுகிறார்கள். நான் பென்சிலோடு நிற்கிறேன். இருபத்தொன்றரை வந்ததும் 'போதும்' என்றேன். தாளில் இருபது என்று எழுதினேன். பதினோரு முறை. ஒரு முறைகூடத் தயங்கவில்லை. யோசித்து எழுதியிருந்தால் தயங்கியிருப்பேன். கை எழுதியது.

உங்கள் கடிதம் வரும்வரை இது எனக்கே தெரியாது. அந்தக் கேலி வரியைப் படித்தேன். சிரிக்கத் தொடங்கினேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. சிவப்பு எண்கள் தெரிந்தன.

மண்டியில் பயறுக்குத்தான் விலை, சாக்குக்கு இல்லை. அதனால் கழிக்கிறோம். படகுக்குச் சாக்கும் பாரம்தான். கழிக்க அங்கே ஒன்றுமே இல்லை.

பதினோரு ஒன்றரை, பதினாறரை. பதினாறரைக் கிலோவைப் படகின் கடைசியில் கூடுதலாக வைத்தால் எடையின் மையம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் பின்னால் போகும். எங்களுக்கு இருந்த இடம் இரண்டு.

மூட்டைகள் காயலின் அடியில் இருக்கின்றன. கிழிந்திருக்கும். மணல் மணலோடு சேர்ந்திருக்கும். மிச்சம் இருப்பது என் தாள் மட்டும். அதில் எல்லாம் சரியாக இருக்கிறது.

திலீபன் சாரை முப்பதாம் தேதியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். நேற்று என் மேசைக்கு வந்து தாளின் நகலைக் கேட்டார். 'ரெண்டு மாசமாக் கணக்குப் போடுதேன். ஒன் எடைக்கு என் ப்ரொப்பெல்லர் சரியாத்தாம்மா வருது. போறது போறேன். எங்க தப்புன்னு தெரியாமப் போகக் கூடாதுல்லா' என்றார்.

நகலைக் கொடுத்தேன். வேறொன்றும் கொடுக்கவில்லை.

இன்று ஆராதனைக்குப் போகவில்லை. அது முடியும் மூன்று மணி வரை அறையிலேயே இருந்தேன்.

நீங்கள் சொல்வது எல்லாம் எனக்குப் புரிகிறது. அண்ணன். சுபாஸ்ரீ. நீங்கள் சோறு வைக்காமல் இருந்த நாட்கள். ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொன்றும் கனமாகத்தான் இருக்கிறது.

மகிமா


தேனி
24.4.2025

அன்பு மகிமாவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்துச்சு. பிரிச்சேன். பிரிக்காம இருக்க முடியுமா?

வாசிச்சு முடிச்சதும் நேரா மண்டிக்குப் போனேன். ஏன்னு எனக்கே தெரியல. காலிச் சாக்கு பத்தை மடிச்சுத் தராசுல வச்சேன். எட்டுக் கிலோ காட்டுச்சு. மறுபடி எடுத்து வச்சேன். எட்டுதான். அப்ப ஒரு சாக்கு எண்ணூறு கிராம். நாம கழிக்கிறது ஒன்றரைக் கிலோ. நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து கழிக்கிறேன். உனக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாளும் வெறும் சாக்கை நிறுத்துப் பாத்ததில்ல.

உங்க அண்ணன்கிட்டக் கேட்டேன்.

"ஒன்றரை யாரு வச்சது?"

"வழக்கம்."

"யாரு வழக்கம்?"

"மண்டி வழக்கம். எங்கப்பா காலத்துல சாக்கு கனமா இருந்துச்சு."

"சாக்கு இளைச்சிருச்சு, கழிவு மட்டும் ஏன் இளைக்கல?"

"இன்னைக்கு என்ன புதுசாத் தராசைக் கண்டுபிடிச்ச மாதிரி பேசுற?"

சுருளியாண்டி அண்ணன் பக்கத்துலதான் நின்னாக. மொச்சை மூட்டையில கையை வச்சுக்கிட்டு மெதுவாச் சொன்னாக. "எங்களுக்குத் தெரியும்த்தா. நாங்க வீட்டுல நிறுத்துத்தான கொண்டாறோம்."

தெரியுமாம் மகிமா. இத்தனை வருஷமா.

"பெறகு ஏண்ணே ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா அடுத்த மண்டிக்குப் போன்னுவாக. அங்கன ரெண்டு கழிப்பான்."

உங்க அண்ணன் முகத்தை நீ பாத்திருக்கணும். திட்டவும் இல்ல, சிரிக்கவும் இல்ல. மேசைக்குப் போயி உக்காந்துட்டாக. நேத்து காலையில பாத்தா, தராசுக்கு மேல ஒரு அட்டை. 'சாக்கு தனியாக நிறுக்கப்படும்.' முத்துராஜா எழுத்து இல்ல. உங்க அண்ணன் எழுத்து.

உன் விஷயம் அவுகளுக்கு இன்னும் தெரியாது.

சொல்லாதேன்னு நான் எழுதினது பயத்துல எழுதினது. அதைக் கிழிச்சுப் போடச் சொன்னேன், கிழிச்சிருப்பன்னு நினைக்கிறேன். இப்ப என்ன செய்யணும்னு இதுல எழுத மாட்டேன். உன் பெட்டியை வைக்க வீட்டுல இடம் இருக்கு. அதை மட்டும் எழுதுறேன். உங்க அண்ணன் சத்தம் போடுவாக. சத்தம்தான் போடுவாக.

இன்னொண்ணு. சுரேஷ் நல்லா இருக்காப்லன்னு நான் எழுதினதுல பாதிதான் நெசம். வலது கை விரல் மடங்கல. ஆறு மாசம் போகட்டும், பாப்போம்னு சொல்லியிருக்காக. நான் மறைச்சேன். நீ கண்டுபிடிச்சுத்தான் டம்ளரைப் பத்திக் கேட்டன்னு எனக்கு அப்பவே தெரியும்.

சாப்பிட்டியா?

உன் மதினி


கம்பம் – தேனி பேருந்தில்
3.5.2025

அன்புள்ள மதினிக்கு,

எழுத்து ஆடும். பொறுத்துக்கொள்ளுங்கள். நலம்.

இதைத் தபாலில் போடப் போவதில்லை. கையில் கொடுப்பேன். எனக்கு வாயால் சொல்ல வராது. வந்தாலும் அண்ணன் ஸ்பீக்கர் இல்லாமலே கேட்டுவிடுவார்.

உங்கள் கடிதம் இருபத்தெட்டாம் தேதி வந்தது. நான் அதற்கு மூன்று நாள் முன்பே மாடியில் மேலாளர் அறைக்குப் போய்விட்டேன். நீங்கள் 'சொல்' என்று எழுதாதது நல்லது. எழுதியிருந்தால், உங்கள் பேச்சைக் கேட்டுச் செய்தேனோ என்று பிறகு எனக்கே சந்தேகம் வந்திருக்கும்.

தாளில் பதினோரு இடத்தில் இருபது இருந்தது. ஒவ்வொன்றையும் ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் 21.5 என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோனேன். மேலாளர் நெடுநேரம் பார்த்தார். சாக்குக் கழிவு என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். நம்பவில்லை. இரண்டாம் முறை சொன்னேன். 'இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை?' என்றார். என்னிடம் பதில் இருந்தது, அவரிடம் சொல்லும்படியாக இல்லை.

திலீபன் சாரைக் கூப்பிட்டார்கள். அவர் நின்றபடியே பென்சிலை எடுத்து நான்கு வரி கணக்குப் போட்டார். பென்சிலை வைத்தார். 'அப்ப ப்ரொப்பெல்லர் சரி' என்றார். என்னைப் பார்க்கவில்லை.

அவர் வேலையில் இருக்கிறார். என்னை ஜூன் வரை வர வேண்டாம் என்றார்கள். ஜூனுக்குப் பிறகு என்ன என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நேற்று பெட்டியோடு கிளம்பும்போது திலீபன் சார் வாசலில் நின்றிருந்தார். விலகிப் போகலாமா என்று நினைத்தேன். 'அடுத்த தடவ சாக்கோட சேத்து எழுது' என்றார். மன்னித்தாரா என்று தெரியவில்லை. 'அடுத்த தடவ' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இன்று காலை கம்பத்தில் இறங்கி சுரேஷ் அண்ணன் வீட்டுக்குப் போனேன். தாளின் நகலைக் கொடுத்தேன். இடது கையால் வாங்கினார். அடித்த எண்களையும் பக்கத்தில் எழுதிய எண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதினோரு வரியையும் பார்த்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் எளிதாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"அப்ப நான் ரெண்டு செகண்டு கூட அமுக்கல?"

"இல்லண்ணே. இந்தப் பாரத்துக்கு நீங்க எப்ப விட்டிருந்தாலும் எந்திரிச்சிருக்கும்."

"நெசமா?"

"நெசம்."

வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. விலா வலித்திருக்கும்.

முகத்தைத் திருப்பாமலே கேட்டார். "ஏன் பாப்பா, மணலுக்குமா கழிவு பிடிச்ச?"

அதில் கோபம் இருந்தது, மதினி. வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. 'ஆமாண்ணே' என்றேன்.

சந்தனம்மாள் பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குப் பாதி புரியவில்லை. புரிந்த பாதிக்கு என் கையை இறுகப் பிடித்து, பிறகு உதறிவிட்டார். உள்ளே போனார். நான் செருப்பை மாட்டும்போது வெளியே வந்தார். தோட்டத்திலிருந்து வந்த திராட்சையை, நிறுக்காமல், இரண்டு கையாலும் அள்ளி ஒரு பையில் போட்டு நீட்டினார்.

பையை வாங்கிக்கொண்டு, பேருந்து நிலையம் வரை நடந்து, தேனி பேருந்தில் ஏறினேன்.

மகிமா